ஆறு ஊரை மூழ்கடித்ததா, இடம் மாறி வந்ததா? கஸ்காஸ்கியாவின் கதை

செல்போனில் வரைபடத்தைத் திறந்து, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் மேற்கு எல்லையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வாருங்கள். எல்லைக்கோடு மிசிசிப்பி ஆற்றின் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். செயின்ட் லூயிஸ் நகரைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு விநோதம் நடக்கும். கோடு திடீரென்று ஆற்றைக் கைவிட்டு மேற்கே திரும்பும். வயல்களுக்கு நடுவே வாய்க்கால் போல மெலிந்து கிடக்கும் ஒரு நீர்த்தடத்தோடு பெரிய சுற்றாகச் சுற்றிவிட்டு, மறுபடி ஆற்றோடு வந்து சேர்ந்துகொள்ளும்.

அந்தச் சுற்றுக்குள் இருக்கும் ஊர்தான் கஸ்காஸ்கியா. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 21 பேர். 2000-ல் ஒன்பது பேர்தான். நம்புவது கடினம், ஆனால் 1818-ல் இல்லினாய் தனி மாநிலமானபோது அதன் முதல் தலைநகரம் இதுதான்.

இந்த ஊரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "1881-ல் வெள்ளம் வந்தது, ஊர் போனது, தலைநகர் மாறியது." இந்த வரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. தலைநகரம் மாறியது 1820-ல்; அதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை. மாநிலத்தின் நடுப்பக்கமாக ஒரு தலைநகர் வேண்டும் என்று ஊருக்குப் பக்கத்தில் ஓடிய, ஊரின் பெயரையே கொண்ட கஸ்காஸ்கியா ஆற்றின் மேல்பகுதியில் வண்டாலியா என்ற புது ஊரை உருவாக்கிப் போய்விட்டார்கள். இரண்டாவது தவறுதான் முக்கியமானது. இந்த ஊரை அழித்தது வெள்ளம் இல்லை. வெள்ளம் வரும், வடிந்துவிடும். இங்கே ஆறு வந்தது, வந்த இடத்திலேயே தங்கிவிட்டது. வெள்ளம், கரை அரிப்பு, ஆறு தடம் மாறுவது ஆகிய மூன்றும் வேறு வேறு விஷயங்கள். மூன்றையும் "வெள்ளம்" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் இந்தக் கதை புரியாமல் போகிறது.

## மண்ணைத் தேடி வந்தவர்கள்

முதலில் ஊர் எப்படி அங்கே வந்தது என்று பார்த்துவிடலாம். ஆற்றோரம் ஊர் கட்டினால் ஆபத்து என்று தெரியாத முட்டாள்கள் கட்டிய ஊர் அல்ல அது.

1703-ல் கஸ்காஸ்கியா என்ற பூர்வகுடி மக்களும், அவர்களோடு இருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார்களும், விலங்குகளின் ரோமத்தோலை வாங்கி விற்கும் வியாபாரிகளும் இங்கே வந்து தங்கினார்கள். ஊரின் பெயரும் அந்த மக்களின் பெயர்தான். பிரெஞ்சு ஆண்கள் பூர்வகுடிப் பெண்களை மணந்து குடும்பமாகிவிட, ஊர் வளர்ந்தது. அப்போது செயின்ட் லூயிஸ் கிடையாது. அது 1764-ல் வந்தது. நியூ ஆர்லியன்ஸ்கூட 1718-ல்தான். கஸ்காஸ்கியா இரண்டுக்கும் அக்கா.

ஊர் இருந்த இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். இது பின்னால் தேவைப்படும். மேற்கே மிசிசிப்பி. கிழக்கே, அதைவிட எவ்வளவோ சிறிய கஸ்காஸ்கியா ஆறு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே திசையில் ஓடி, தெற்கே சில மைல் தள்ளிக் கலந்தன. நடுவில் நாக்குப் போல நீண்ட ஒரு நிலத்துண்டு. அந்த நாக்கின் கிழக்கு ஓரத்தில், சின்ன ஆற்றங்கரையில் ஊர். சின்ன ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்குத்தான குன்று.

ஏன் அந்த இடம்? மண்ணுக்காக. பெரிய ஆறு பல ஆயிரம் வருடமாகக் கொண்டுவந்து போட்ட வண்டல். கோதுமை அமோகமாக விளைந்தது. மாவை அரைத்துப் படகில் ஏற்றி, ஆற்றின் போக்கிலேயே நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். தென்கோடியில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொட்டி போட்டதில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. சின்ன ஆற்றில் படகைக் கட்டலாம், பெரிய ஆற்றில் சரக்கை அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான்.

1741-ல் பிரான்ஸில் வார்க்கப்பட்ட ஒரு தேவாலய மணி ஊருக்கு வந்து சேர்ந்தது. அரசர் பதினைந்தாம் லூயியின் பரிசு. ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் புகழ்பெற்ற சுதந்திர மணியைவிடப் பத்து வருடத்துக்கும் மேல் மூத்தது. 1763-ல் பிரான்ஸ் தோற்று இந்தப் பகுதி பிரிட்டன் கைக்குப் போனது. அமெரிக்கச் சுதந்திரப் போரின் நடுவே, 1778 ஜூலை 4 இரவு, ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் என்ற வர்ஜீனியாப் படைத்தலைவர் இருநூறு பேர்கூட இல்லாத ஒரு சிறு படையோடு வந்து, துப்பாக்கிச் சூடு இல்லாமலேயே ஊரைப் பிடித்தார். அப்போது அந்த மணியை அடித்தார்களாம். அதிலிருந்து அதற்கு "மேற்கின் சுதந்திர மணி" என்று பெயர். 1803-ல் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் பசிபிக் வரை போகிற பயணத்துக்கு இங்கிருந்த ராணுவ முகாமில் ஆள் சேர்த்தார்கள் (இந்தக் கிளார்க், ஊரைப் பிடித்த கிளார்க்கின் தம்பி). 1809-ல் இல்லினாய் பிரதேசத்தின் தலைநகர். 1818-ல் மாநிலத் தலைநகர். சட்டமன்றம் கூடியது ஒரு வாடகைச் செங்கல் வீட்டில். நாள் வாடகை நாலு டாலர்.

வெள்ளம் வராமல் இல்லை. 1785-ல் வந்த வெள்ளத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் "பெருநீர் ஆண்டு" என்றே சொல்லிவந்தார்கள். எதிர்க்கரையில் இருந்த செயின்ட் ஜெனிவீவ் என்ற ஊர்க்காரர்கள், அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேட்டுக்கு மாறிப்போனார்கள். அந்த ஊர் இன்றும் பழைய பிரெஞ்சு வீடுகளோடு நன்றாக இருக்கிறது. கஸ்காஸ்கியாக்காரர்கள் மாறவில்லை. 1844-ல் இன்னொரு பெருவெள்ளம் வந்து வீடுகளை நாசமாக்கியது. மாவட்டத் தலைமையிடம் தெற்கே செஸ்டருக்குப் போய்விட்டது. (பாப்பாய் கார்ட்டூனை உருவாக்கியவர் பிறந்த செஸ்டர்தான் அது, கீரை டப்பாவைப் பார்க்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் கவனியுங்கள்: 1785-லும் சரி, 1844-லும் சரி, நீர் வடிந்த பிறகு ஊர் அதே இடத்தில் இருந்தது. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி வாழ்ந்தார்கள். வெள்ளத்தின் இயல்பு அதுதான்.

## டீ டம்ளருக்குள் ஓர் ஆறு

இப்போது ஆற்றுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு டம்ளர் போதும்.

வடிகட்டாத டீயோ, அடியில் கொஞ்சம் தூள் தங்கிய வெந்நீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். தூள் எங்கே போகும்? சுற்றுகிற பொருள் வெளியே தள்ளப்படும். பேருந்து திரும்பும்போது நாம் ஜன்னல் பக்கம் சாய்வதில்லையா? அந்தக் கணக்குப்படி தூள் டம்ளரின் ஓரத்தில் ஒதுங்க வேண்டும். ஒதுங்காது. அடியில், சரியாக நடுவில், குவியலாக வந்து உட்காரும். செய்து பாருங்கள்.

நடப்பது இதுதான். மேலே இருக்கும் நீர் வேகமாகச் சுற்றுவதால் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. ஓரத்தில் நீர்மட்டம் கொஞ்சம் உயர்கிறது. அடியில் இருக்கும் நீர் டம்ளரின் அடிப்பாகத்தோடு உராய்வதால் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அதற்கு வெளியே தள்ளும் விசை குறைவு. ஆனால் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் நீரின் அழுத்தம் அதையும் உள்பக்கமாக அமுக்குகிறது. ஆக, மேலே வெளிநோக்கி, ஓரத்தில் கீழ்நோக்கி, அடியில் உள்நோக்கி என்று நீர் ஒரு சுற்று வருகிறது. அடியில் போகும் நீர் தூளையும் வாரிக்கொண்டுபோய் நடுவில் விட்டுவிடுகிறது.

இதை ஆற்றோடு பொருத்திக் காட்டியவர் ஐன்ஸ்டைன். ஆமாம், அதே ஐன்ஸ்டைன்தான். ஆறுகள் ஏன் வளைந்து ஓடுகின்றன என்பது பற்றி 1926-ல் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் இந்தத் தேநீர்க் கோப்பையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

ஆற்று வளைவு ஒவ்வொன்றும் அரை டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவின் வெளிக்கரையில் மேல்நீர் வேகமாக மோதி, கீழே இறங்கி, கரையின் அடிமண்ணைக் குடைகிறது. அடி போனால் மேல்மண் பொத்தென்று சரிகிறது. இதுதான் கரை அரிப்பு. குடைந்தெடுத்த மண் அடிநீரோடு போய், வேகம் குறைந்த உள்கரைப் பக்கம் மணல் திட்டாகச் சேர்கிறது. இப்படிக் கரையில் மெல்ல மெல்ல மண் சேர்வதை வண்டல் சேர்க்கை என்று சொல்லிக்கொள்வோம். பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது இந்தச் சொல் வேண்டியிருக்கும்.

ஒரு கரை தேய்கிறது, எதிர்க்கரை வளர்கிறது. அகலம் பெரிதாக மாறாமல் ஆறு முழுசாக ஒரு பக்கமாக நகர்கிறது. வளைவு இன்னும் வளைவாகிறது. வளைவு கூடக் கூட அரிப்பும் கூடுகிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வண்டல் நிலத்தில் ஓடும் பெரிய ஆறு ஒரே இடத்தில் இருப்பதில்லை. வெள்ளம் இல்லாத வருடத்திலும் அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் வருடத்துக்குச் சில அடி, சில கஜம் என்ற கணக்கில்.

## கழுத்து மெலிந்தால்

வளைவு பெரிதாகிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஆறு கிட்டத்தட்ட ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தன்னிடமே திரும்பி வரும். வளைவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய நிலம் மட்டும் மிஞ்சும். படகோட்டிகளும் பொறியாளர்களும் இதைக் கழுத்து என்றே சொல்வார்கள். இரண்டு பக்கமும் அரிக்க அரிக்கக் கழுத்து மெலிகிறது.

இப்போது நீரின் இடத்தில் நின்று யோசியுங்கள். மாடியிலிருந்து இறங்க உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, நீளமான சாய்தளம். இன்னொன்று, நேராக இறங்கும் ஏணி. இறங்க வேண்டிய உயரம் ஒன்றுதான். ஏணி குட்டை, ஆனால் செங்குத்து. நீருக்குச் செங்குத்துதான் பிடிக்கும். சரிவு கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் மண்ணை அறுக்கும் பலம் கூடும். ஒரு நாள் வெள்ளம் கழுத்துக்கு மேல் ஏறி வழியும். வழிகிற நீர் ஒரு சின்ன வாய்க்காலை அறுக்கும். சில மணி நேரத்தில், சில நாளில், அதுவே ஆறாகிவிடும். பழைய வளைவுக்குள் நீர் தேங்கும். அதன் இரு வாயும் வண்டலால் அடைபடும். பள்ளிக்கூடப் புவியியலில் "குதிரைக் குளம்பு ஏரி" என்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, அதுதான் இது.

இப்படி ஆறு பழைய தடத்தைத் திடீரென்று விட்டுவிட்டு வேறு தடத்தில் இறங்குவதைத் தடமாற்றம் என்போம். மெல்ல நகர்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. முன்னது நடை, இது தாவல்.

தாவலுக்கு நல்ல உதாரணம் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள விக்ஸ்பர்க். உள்நாட்டுப் போரின்போது அந்த ஊர் ஆற்று வளைவு ஒன்றைப் பார்த்தபடி பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்தது. 1862, 1863-ல் வடக்குப் படையினர் எதிரே இருந்த வளைவின் கழுத்தில் கால்வாய் வெட்டி, ஆற்றையே வேறு பக்கம் திருப்பப் பார்த்தார்கள். பலரைக் காவு வாங்கியதுதான் மிச்சம், வேலை பலிக்கவில்லை. 1876 ஏப்ரல் 26 அன்று, யாரும் கேட்காமலேயே மிசிசிப்பி அதே நிலமுனையைத் தானாகவே அறுத்துக்கொண்டு போனது. போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து! துறைமுகம் இருந்த ஊருக்கு ஆறு இல்லாமல் போய்விட்டது. பிறகு யாசூ என்ற வேறொரு ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பிவிட்டு, 1903-ல்தான் ஊருக்கு முன்னால் மறுபடி நீரைக் கொண்டுவந்தார்கள்.

விக்ஸ்பர்க்கில் ஆறு ஊரை விட்டுப் போனது. கஸ்காஸ்கியாவில் ஊரைத் தேடி வந்தது.

## 1881 ஏப்ரல்: பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த ஆறு

நாக்குப் போன்ற அந்த நிலத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கே மிசிசிப்பி, கிழக்கே சின்ன ஆறு. ஊருக்கு வடக்கே மிசிசிப்பியின் ஒரு வளைவு கிழக்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. அதன் வெளிக்கரை வருடா வருடம் சரிந்தது. மிசிசிப்பிக்கும் கஸ்காஸ்கியா ஆற்றுக்கும் இடையே இருந்த நிலம் மெலிந்துகொண்டே வந்தது. ஊர்க்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

இங்கே ஒரு சிறப்பு. மற்ற இடங்களில் மிசிசிப்பி கழுத்தை அறுத்தால் தன்னுடைய தடத்தோடுதான் போய்ச் சேரும். இங்கே கழுத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததோ இன்னொரு ஆறு. புதுத் தடம் ஒன்றை முழுசாக வெட்டும் வேலைகூட மிச்சம். தயாராக ஒன்று காத்திருந்தது.

1881 ஏப்ரலில் நீர் உயர்ந்தது. மிச்சமிருந்த மண் உடைப்பெடுத்தது. மிசிசிப்பி, சின்ன ஆற்றின் தடத்துக்குள் இறங்கியது. ஊருக்கு மேற்கே போய்க்கொண்டிருந்த பெரிய ஆறு, ஊருக்குக் கிழக்கே ஓடத் தொடங்கியது.

ஊர் அன்றைக்கே அழிந்துவிட்டதா? இல்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டுக் கதையை முடித்துவிடுகிறார்கள். உடைப்பு நடந்தது ஊருக்குச் சற்று மேலே. மக்களுக்குத் தப்பிக்க நேரம் இருந்தது. இன்னும் பல வருடம் அங்கேயே வாழ்ந்தார்கள்கூட.

பிரச்சினை வேறு. சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மாநில ஆற்றின் தடம் அது. மொத்தம் சுமார் 3,700 கிலோமீட்டர் நீளமுள்ள, பல மாநிலங்களின் மழையைச் சுமந்து வருகிற ஆற்றுக்கு அந்தத் தடம் எப்படிப் போதும்? ஒண்டுக் குடித்தனத்துக்குக் கட்டிய அறையில் கல்யாணக் கூட்டம் நுழைந்த மாதிரி. இடம் வேண்டும் என்றால் சுவரை இடிக்க வேண்டும்.

எந்தச் சுவரை? கிழக்கே குன்று, அடியில் பாறை. அது அசையாது. மேற்கே வண்டல் மண். அந்த மண்ணின் மேல்தான் ஊர் இருந்தது.

## தெருத் தெருவாக

அடுத்த இருபது வருடத்துக்கும் மேலாக மிசிசிப்பி தன் அறையை அகலப்படுத்திக்கொண்டிருந்தது. முதலில் ஆற்றோரத் தோட்டங்கள், அப்புறம் முதல் தெரு, அப்புறம் அடுத்த தெரு. ஒரு காலத்தில் சட்டமன்றம் கூடிய அந்தச் செங்கல் கட்டடம் கரையின் விளிம்புக்கு வந்து நின்றதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். பின்பு அதுவும் ஆற்றுக்குள் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் பழைய ஊரின் கடைசிக் கட்டடங்களும் முடிந்தன. இன்று பழைய கஸ்காஸ்கியா இருந்த இடத்தின் பெரும்பகுதி ஆற்றின் நடுப்பகுதி. சரக்குப் படகுகள் அதற்கு மேலேதான் போகின்றன.

இடுகாடும் ஆற்றின் பாதையில் இருந்தது. 1890-களில் மாநில அரசு பணம் ஒதுக்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, எதிரே இருக்கும் குன்றின் மேல் மறுபடி புதைத்தது. அந்தக் குன்றின் பெயர் கேரிசன் ஹில். குன்றின் அடிவாரத்தில், மாநிலத்தின் முதல் துணை ஆளுநராக இருந்த பியேர் மெனார்டின் வீடு இன்னும் நிற்கிறது. சின்ன ஆற்றின் கிழக்குக் கரையில் அவர் வீட்டைக் கட்டியதால் தப்பியது. நூறு வருடம் கழித்து எந்தக் கரை நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடுகாட்டை வைத்து ஒரு சாபக் கதையும் உண்டு. பூர்வகுடி இளைஞன் ஒருவன் பிரெஞ்சு வியாபாரியின் மகளைக் காதலித்தானாம். தகப்பன் அவனை மரக்கட்டையில் கட்டி ஆற்றில் விட்டானாம். சாகும்போது அவன், "இந்த ஊரை ஆறு கொண்டுபோகும், செத்தவர்கள்கூடக் குழியில் தங்க மாட்டார்கள்" என்று சபித்தானாம். சாபம் நடந்ததோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால், நடந்த பிறகு தைத்த சட்டையோ என்று எனக்குச் சந்தேகம் வரும். அது இருக்கட்டும்.

இங்கே சின்னதாக ஒரு நிறுத்தம். 1881-ல் நடந்தது தடமாற்றம். அதற்கு முன்பும் பின்பும் நடந்தது கரை அரிப்பு. முன்பு நடந்த அரிப்பு கதவைத் திறந்துவிட்டது, பின்பு நடந்த அரிப்பு ஊரைத் தின்றது. 1881 வெள்ளம் செய்தது, நடுவில் ஒரு உதை கொடுத்ததுதான்.

## விறகுக் கணக்கு

அப்படியென்றால் இது முழுக்க இயற்கையா? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. பலர் பேசாத பகுதியும் இதுதான்.

1811-ல் முதல் நீராவிப் படகு மிசிசிப்பிப் பக்கம் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கின. நீராவிக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும். பெரிய படகு ஒரு நாளைக்கு எரித்த விறகை நாலடி உயரம், நாலடி அகலத்தில் சுவர் போல அடுக்கினால் பல வீடுகளின் நீளத்துக்குப் போகும். படகிலேயே அத்தனை விறகையும் ஏற்ற முடியாது. அதனால் கரையோரம் அங்கங்கே விறகுக் கிடங்குகள் வைத்து, அருகில் இருந்த மரத்தை வெட்டி வெட்டி விற்றார்கள். ஆற்றோரக் குடியானவனுக்குக் கை நிறையக் காசு.

மரத்தை வெட்ட இன்னொரு காரணமும் இருந்தது. கரை சரிந்து ஆற்றில் விழும் மரம் நீருக்கடியில் குத்திட்டு நின்று, படகின் அடியைக் கிழித்துவிடும். அந்தக் காலத்தில் படகுகள் மூழ்கியதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆகவே விழுந்த மரங்களை அரசே படகு வைத்து அகற்றியது. விழக்கூடிய மரங்களும் வெட்டப்பட்டன.

ஆனால் வண்டல் கரையைக் கட்டிப் பிடித்திருந்தது அந்த மரங்களின் வேர்தான். வேர் உயிரோடு இருக்கும்வரை மண்ணுக்குள் வலை போட்ட மாதிரி. மரம் போய் வேர் மக்கினால், டம்ளர் விளையாட்டில் சொன்ன அதே நீர்ச்சுற்றுக்கு வேலை சுலபம். செயின்ட் லூயிஸுக்கும் ஒஹாயோ ஆறு கலக்கும் இடத்துக்கும் இடையே மிசிசிப்பி அந்த நூற்றாண்டில் அகலமாகி, ஆழம் குறைந்து, கரைகளை வேகமாகத் தின்றதற்கு இந்தக் காடழிப்பு ஒரு பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பட்டையில் ஆற்றுக்குப் பலியான பழைய பிரெஞ்சு ஊர் கஸ்காஸ்கியா மட்டும் இல்லை.

காடு இருந்திருந்தால் ஆறு தாவியிருக்காது என்று சொல்ல மாட்டேன். கழுத்து என்று ஒன்று இருந்தால் என்றைக்காவது அறும். ஆனால் எத்தனை வருடத்தில் அறும் என்பதில் விறகு வியாபாரிக்கும் கை உண்டு.

## ஆறு மாறினால் எல்லையும் மாறுமா?

இப்போது வரைபடத்தில் பார்த்த அந்த விநோதத்துக்கு வருவோம். இல்லினாய் மாநிலத்தின் மேற்கு எல்லை மிசிசிப்பியின் நடு என்று 1818-லேயே எழுதிவிட்டார்கள். எதிரே மிசௌரி மாநிலம். அப்படியானால் 1881-ல் ஆறு கிழக்கே தாவியதும் கஸ்காஸ்கியா மிசௌரிக்குப் போயிருக்க வேண்டாமா?

போகாது. காரணம், நான் மேலே பிரித்துக் காட்டிய அதே வித்தியாசம். நடைக்கு ஒரு சட்டம், தாவலுக்கு ஒரு சட்டம்.

உங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே ஓடும் ஓடைதான் எல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓடை வருடத்துக்கு ஒரு சாண் உங்கள் பக்கம் நகர்கிறது. எந்த நாளில் எவ்வளவு போனது என்று யாராலும் காட்ட முடியாது. அதனால் ஓடையோடு சேர்ந்து எல்லையும் நகரும். வண்டல் சேர்க்கை யார் பக்கம் சேர்ந்ததோ அது அவருக்கு. ஆனால் ஒரே ராத்திரியில் ஓடை உங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் தாவிவிட்டால்? விடிந்து பார்க்கும்போது உங்கள் வீடு பக்கத்து வீட்டுக்காரருடையது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? பழைய தடம் கண்ணுக்குத் தெரிகிறது. எல்லை அங்கேயே நிற்கும்.

1892-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் இதைத்தான் சொன்னது. அங்கே மிசௌரி ஆறு 1877-ல் ஒரு வளைவை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அதனால்தான் கார்ட்டர் லேக் என்ற அயோவா ஊர் இன்று ஆற்றுக்கு மேற்கே, நெப்ராஸ்காவின் ஓமஹா நகரை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஓமஹாவின் நடுப்பகுதியிலிருந்து அதே ஊரின் விமான நிலையத்துக்குக் கிளம்பினால், நேர்வழியில் கொஞ்ச தூரம் இன்னொரு மாநிலத்துக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும்.

கஸ்காஸ்கியாவும் அதே கணக்குத்தான். வரைபடக் கோடு மேற்கே போய்ச் சுற்றும் அந்த மெலிந்த நீர்த்தடம் வேறொன்றும் இல்லை; 1881-க்கு முன்பு மிசிசிப்பி ஓடிய பாதை.

## மிச்சம் இருப்பது

பழைய ஊர் போய்க்கொண்டிருக்கும்போதே, அதே நிலத்துண்டில் தெற்கே தள்ளிப் புது கஸ்காஸ்கியாவை அமைத்துக்கொண்டார்கள். தேவாலயத்தையும் அங்கே மறுபடி கட்டினார்கள். சுற்றிலும் சோளமும் சோயாவும் விளையும் வயல். கரையில் உயரமான மண் அணை. 1993-ல் மிசிசிப்பிப் படுகை முழுவதும் பெருவெள்ளம் வந்தபோது அந்த அணை உடைந்து, தீவு மொத்தமும் நீருக்கடியில் போனது. அது அசல் வெள்ளம். வடிந்தது. சிலர் திரும்பி வந்தார்கள், பலர் வரவில்லை.

அங்கே வாழும் குடும்பத்தின் அன்றாடத்தை நினைத்துப் பாருங்கள். வரி கட்டுவது இல்லினாய்க்கு, ஓட்டுப் போடுவது இல்லினாய்க்கு. கடிதம் வருவதோ மிசௌரியில் உள்ள செயின்ட் மேரி என்ற ஊரின் அஞ்சல் எண்ணில். மாவட்ட அலுவலகம் இருக்கும் செஸ்டருக்கு ஒரு கையெழுத்துக்காகப் போக வேண்டுமென்றால், முதலில் பழைய தடத்தின் மேல் உள்ள சிறு பாலத்தைத் தாண்டி மிசௌரிக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து தெற்கே போய், மிசிசிப்பியின் பெரிய பாலத்தைக் கடந்து, மறுபடி தன் சொந்த மாநிலத்துக்கே வர வேண்டும்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம் இருக்கிறது. அதற்குள்தான் 1741-ன் மணி. அதன் உடம்பில் பிரெஞ்சில் பொறித்திருக்கும் வாசகத்தின் பொருள் ஏறக்குறைய இது: "இல்லினாய் மக்களின் தேவாலயத்துக்கு, நீருக்கு அப்பால் உள்ள அரசர் அளித்தது." எழுதியவர் மனத்தில் இருந்தது அட்லாண்டிக் கடல். இன்று அந்த மணியைப் பராமரிக்கும் மாநில அரசும் நீருக்கு அப்பால்தான் இருக்கிறது.